2998-இன் வருகை

கணினிக்கு ‘அ’ என்றால் 2949. ‘க’ என்றால் 2965. ‘ழ’ என்றால் 2996. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறி, அதாவது யூனிகோடு, தமிழுக்கென்று 2944 முதல் 3071 வரை 128 எண்களை ஒதுக்கியிருக்கிறது. அவற்றில் 72 எண்களில்தான் எழுத்தோ குறியோ இருக்கிறது. மற்ற 56 காலி.

காலியிடங்கள் ஒரே மூலையில் குவிந்திருந்தால் நிரல் எழுதுகிறவர்களுக்கு வேலை மிச்சம். அப்படி இல்லை. 1991இல் ஒருங்குறியின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய எழுத்துகளுக்கு இஸ்கி என்ற இந்தியத் தரம் வகுத்திருந்த வரிசையையே எடுத்துக்கொண்டார்கள். எல்லா இந்திய மொழிகளுக்கும் அதில் ஒரே அடுக்கு. தேவநாகரியில் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவே மூன்று வர்க்க எழுத்துகள் உண்டு, தமிழில் இல்லை. ஆனாலும் தமிழ்ப் பகுதியிலும் அந்த மூன்று எண்கள் விடப்பட்டன. ஆகவே ‘க’ 2965, ‘ங’ 2969. இது சரியா தவறா என்ற வழக்கு தமிழ்க் கணிமை வட்டாரத்தில் நெடுநாள் நடந்தது. அதற்குள் நான் போகப்போவதில்லை. இந்த அத்தியாயத்துக்கு அந்த ஓட்டைகள் பெரிய உதவி.

ஒரு நிரலிடம் 2967 என்ற எண்ணைக் கொடுத்து, ‘இது தமிழ் எழுத்தா?’ என்று கேட்கிறோம். நிரல் எப்படிப் பதில் சொல்லும்?

ஒருங்குறியில் மொத்தம் 11,14,112 எண்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று ஒரு பிட் வைத்தால் 1,39,264 பைட்டு ஆகும். வெறும் 37 எழுத்துகளுக்காக இவ்வளவு இடம் அடைப்பது வீண். 37 எண்களையும் தனித்தனியே எழுதி வைக்கலாம். தமிழுக்கு அது போதும். ஆனால் 19968 முதல் 40959 வரை இடையறாமல் 20,992 சீன எழுத்துகள் இருக்கின்றன. கொரிய அசைகள் 11,172, அவையும் ஒரே தொடராக. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதுவது யாருக்குத் தேவை? தொடக்கம், முடிவு என்று இரண்டு எண்களை எழுதினால் தீர்ந்தது. 20,992 எண்களுக்கு இரண்டே எண்கள்.

தொடக்கமும் முடிவும் கொண்ட இந்தச் சோடியைப் பள்ளிக் கணக்கில் இடைவெளி என்கிறோம். தமிழ் எழுத்துகளை இடைவெளிகளாக எழுதினால் இப்படி வரும்: 2947; 2949–2954; 2958–2960; 2962–2965; 2969–2970; 2972; 2974–2975; 2979–2980; 2984–2986; 2990–3001; 3024. முதலில் நிற்பது ஃ. அடுத்தது அ முதல் ஊ வரை. பிறகு எ, ஏ, ஐ. அதன் பின் ஒ, ஓ, ஔவோடு ‘க’வும் ஒட்டிக்கொள்கிறது. இப்படியே போய், ம முதல் ஹ வரை 12 எழுத்துகள் ஒரே இடைவெளியில் அடங்க, கடைசியில் ‘ௐ’ தனியே நிற்கிறது. 37 எழுத்துகள், 11 இடைவெளிகள்.

உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் ஒருங்குறி எழுத்து என்ற வகையில் சேர்ப்பதில்லை. அவை தனி வகை. பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று சோதிக்கும் இணையப் படிவங்கள் சில, ‘முருகன்’ என்ற பெயரைத் தள்ளிவிடுவது இதனால்தான். ‘மு’வில் உள்ள உகரக் குறியும் ‘ன்’னின் தலையில் உள்ள புள்ளியும் அந்தக் கணக்கில் எழுத்தே அல்ல. குறிகள் 14; அவை 5 இடைவெளிகளில் கிடக்கின்றன. இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கினால் 16 இடைவெளிகள் வர வேண்டும் அல்லவா? 15தான் வரும். 2946 ஒரு குறி, 2947 ஃ. அடுத்தடுத்த எண்கள் என்பதால் இரண்டும் சேர்ந்து ஒரே இடைவெளியாகிவிடுகின்றன.

முழு எண்களுக்கே உரிய சலுகை இது. பின்னங்களும் தசமங்களும் நிறைந்த எண்கோட்டில் 2946க்கு ‘அடுத்த எண்’ என்று ஒன்று கிடையாது. முழு எண்களில் உண்டு. அதனால் ஒன்றையொன்று தொடாவிட்டாலும், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இடைவெளிகள் இங்கே இணைந்துவிடலாம்.

மூன்று வரவுகள்

1998இல் மார்ட்டின் எர்விக் என்ற கணினி அறிஞர் இந்த எண்ணத்தை ஒரு தேடல் மரமாக்கிக் கட்டுரை எழுதினார். அந்த மரத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘டயட்’ என்று வரும். கொழுத்துப்போன கணங்களுக்கு டயட் என்று கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தார். ஆய்விதழ்களில் இப்படி ஒரு குறும்பு எப்போதாவதுதான் வாய்க்கும்.

டயட் மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் ஓர் இடைவெளி. இடப்பக்கக் கிளையில் அதைவிடச் சிறிய எண்கள், வலப்பக்கத்தில் பெரியவை. எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றின்மேல் ஒன்று அமர்வதில்லை, ஒட்டி நிற்பதும் இல்லை. இந்த ஒழுங்கு குலையாமல் புதிய எண்ணைச் சேர்ப்பதுதான் வேலை. என்னென்ன நேரலாம் என்பதைக் காட்ட, தமிழ்ப் பகுதியின் வரலாறே உதாரணங்களைத் தயாராக வைத்திருக்கிறது.

2005 மார்ச்சில் ஒருங்குறியின் 4.1 பதிப்பு வெளியானது. அதில் தமிழுக்குப் புதிதாக வந்தவை இரண்டு, இரண்டும் நமக்கு வேண்டியவை. ஒன்று, தமிழ்ச் சுழியம். அதன் எண் 3046. ஒன்று முதல் ஒன்பது வரையிலான தமிழ் இலக்கங்கள் அதற்கு முன்பே 3047 முதல் 3055 வரை இருந்தன. ஆகவே புதிய எண், இருக்கும் இடைவெளியின் இடது ஓரத்தை ஓர் எண் நீட்டியதோடு சரி: 3046–3055. இடைவெளிகளின் எண்ணிக்கை மாறவில்லை.

மற்றது ‘ஶ’. எண் 2998. அதற்கு முன் ம முதல் வ வரை 2990–2997 ஓர் இடைவெளி. ஷ, ஸ, ஹ மூன்றும் 2999–3001 என்று வேறோர் இடைவெளி. நடுவில் ஒரே ஓர் எண் காலி. 2998 அங்கே வந்ததும் இரண்டும் ஒன்றாயின. எழுத்து ஒன்று கூடியது. இடைவெளி ஒன்று குறைந்தது. சேர்க்கச் சேர்க்கச் சிறுத்துப்போகும் சேமிப்பு என்பது முதலில் கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். டயட்டின் சுவையே அதுதான்.

மூன்றாவது வரவு 2008இல், 5.1 பதிப்பில்: ‘ௐ’. எண் 3024. இதற்கு இரு புறமும் எழுத்து ஏதும் அண்டை இல்லை. ஆகவே தனி இடைவெளி, தனிக் கணு.

நீட்டல், இணைத்தல், புதிதாக வைத்தல். ஏற்கெனவே உள்ள எண்ணைத் திரும்பச் சேர்க்கச் சொன்னால் ஒன்றும் செய்ய வேண்டாம். இதற்குமேல் வகை இல்லை. எடுப்பதென்றால் கதை தலைகீழ்: நடுவிலிருந்து ஓர் எண்ணை எடுத்தால் ஓர் இடைவெளி இரண்டாகப் பிளக்கும். ஒருமுறை வைத்த எழுத்தை எடுப்பதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை என்பதால் நமக்கு அந்தத் தொல்லை வராது.

டயட்டுக்கு ஒவ்வாத கணங்களும் உண்டு. 0 முதல் 11,14,111 வரையுள்ள இரட்டை எண்களை மட்டும் சேமித்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டாத 5,57,056 இடைவெளிகள். ஒவ்வொன்றுக்கும் தொடக்கம், முடிவு என்று ஒரே எண்ணை இரண்டு முறை எழுத வேண்டும். எழுத்துகள், முகவரிகள், தேதிகள் போல எண்கள் கொத்துக் கொத்தாக வரும் இடங்களில்தான் இடைவெளி லாபம்.

நிரலர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்றும் இங்கே உண்டு. இரண்டு இடைவெளிகள் ஒட்டுகின்றனவா என்று பார்க்க, முதலாவதன் முடிவோடு ஒன்றைக் கூட்டி, அடுத்ததன் தொடக்கத்தோடு ஒப்பிடுவோம். 32 பிட் எண்ணில் மிகப் பெரியது 214,74,83,647. அதோடு ஒன்றைக் கூட்டினால் பல மொழிகளில் எண் சுற்றிக்கொண்டு போய் மறுகோடியில், கழித்தல் 214,74,83,648இல், விழும். அங்கே தொடங்கும் இடைவெளி ஒன்று இருந்தால் நிரல் இரண்டையும் ஒட்டிவிடும். முடிவெண்ணைச் சேர்க்காமல், தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்று எழுதும் முறையும் இருக்கிறது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு குறிப்பில் அதற்காகத்தான் வாதாடினார். கூட்டல் தொல்லை அதில் குறையும். ஆனால் மிகப் பெரிய எண்ணை உள்ளடக்கும் இடைவெளியை எழுத வழியில்லாமல் போகும். அதன் முடிவாக எழுத ஓர் எண் மிச்சமில்லை. தொல்லை இடம் மாறியதே தவிர ஒழியவில்லை.

பழைய மரத்தைத் தொடாமல்

2998 வந்த நாளுக்குத் திரும்புவோம். வழக்கமான நிரல் என்ன செய்யும்? 2990–2997 என்ற கணுவுக்குப் போய் 2997ஐ அழித்து 3001 என்று எழுதும். பிறகு 2999–3001 என்ற கணுவை நீக்கும். இரண்டு வேலைகளுக்கும் நடுவில் ஒரு நொடிப்பொழுது உண்டு. அந்தப் பொழுதில் வேறொரு செயல் இதே மரத்தைப் படித்து எழுத்துகளை எண்ணினால் ஷ, ஸ, ஹ மூன்றையும் இரண்டு முறை எண்ணும். பூட்டுப் போட்டு இதைத் தடுக்கலாம். பூட்டு இருக்கும் இடத்தில் காத்திருப்பும் இருக்கும். பூட்ட மறப்பவரும் இருப்பார்.

இன்னொரு தேவை இதைவிடச் சுவாரசியமானது. சில நேரம் பழைய பதிப்பே வேண்டியிருக்கும். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிலும் இணைய முகவரி வைக்கலாம் என்று 2003இல் வகுத்த விதி, ஒருங்குறியின் 3.2 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அது 2002இல் வந்த பதிப்பு. அந்த விதிப்படி ஒரு முகவரியைச் சோதிக்க வேண்டுமானால் ‘2998 எழுத்தா?’ என்ற கேள்விக்கு 2002ஆம் ஆண்டின் பதில் வேண்டும்: இல்லை. பைத்தான் மொழியின் நூலகம் இதற்காகவே இன்றைய பட்டியலோடு 3.2 பதிப்பையும் கூடவே வைத்திருக்கிறது. அழித்து எழுதும் மரத்தில் நேற்றைய பதில் எங்கே கிடைக்கும்?

மாறாத தரவுக் கட்டமைப்பு என்பதன் விதி ஒன்றுதான்: ஒருமுறை உருவான கணுவில் எதையும் திருத்தக்கூடாது. எண்ணைச் சேர் என்றால், சேர்க்கப்பட்ட புதிய மரம் ஒன்று திரும்பக் கிடைக்கும். பழைய மரம் பழையபடியே நிற்கும். இதைக் கேட்டதும் எழும் சந்தேகம் நியாயமானது: ஒவ்வொரு முறையும் மரம் முழுவதையும் படியெடுப்பதா? பத்து இலட்சம் கணுக்கள் இருந்தால் என்ன ஆகும்?

படியெடுக்க வேண்டியது வேரிலிருந்து மாற்றம் நடக்கும் இடம்வரை உள்ள பாதையை மட்டுமே. நம் ஊரில் நிலம் கைமாறும்போது தாய்ப்பத்திரத்தை யாரும் அழித்துத் திருத்துவதில்லை. புதுப் பத்திரம் எழுதி, அதில் பழையதைச் சுட்டிக் காட்டுகிறோம். கைமாறாத பக்கத்து மனைக்குப் புதிதாக எழுத்து எதுவும் கிடையாது. மரத்திலும் மாறாத கிளைகளுக்குப் புதிய கணுக்கள் பழைய சுட்டுகளையே வைத்துக்கொள்கின்றன.

2005க்கு முன் 11 இடைவெளிகள் இருந்தன: 2990–2997, 2999–3001 இரண்டும் தனித்தனி, 3024 இன்னும் வரவில்லை. ஒரு தாளில் வரைந்துகொண்டால் தொடர எளிதாக இருக்கும். நடுவில் உள்ள 2972, அதாவது ‘ஜ’, வேர். அதன் இடப்பிள்ளை 2958–2960. அதற்கு இடப்பக்கம் 2947. 2947க்கு வலப்பிள்ளை 2949–2954. 2958–2960க்கு வலப்பக்கம் 2962–2965. அதன் வலப்பிள்ளை 2969–2970. வேரின் வலப்புறமும் இதே அமைப்பு: 2984–2986 பிள்ளை, அதன் இடப்பக்கம் 2974–2975, அதற்கு வலப்பிள்ளை 2979–2980, வலப்பக்கம் 2990–2997, அதற்கு வலப்பிள்ளை 2999–3001.

இப்போது 2998 வருகிறது. வேரைவிடப் பெரியது, வலப்பக்கம். 2986ஐவிடப் பெரியது, மறுபடியும் வலப்பக்கம். 2990–2997இல் நிற்கிறோம், 2997க்கு அடுத்த எண் இது. வலக் கிளையில் மிகச் சிறிய இடைவெளி எங்கே தொடங்குகிறது? 2999இல். ஆகவே இரண்டையும் விழுங்கி 2990–3001 என்று ஒரு புதுக் கணு. அதைச் சுட்டும் 2984–2986இன் புதுப் படி ஒன்று. அதன் இடச் சுட்டு பழைய 2974–2975ஐயே காட்டும். அதைச் சுட்டும் வேரின் புதுப் படி ஒன்று. அதன் இடச் சுட்டு பழைய இடக் கிளையை முழுதாகக் காட்டும். மூன்றே புதிய கணுக்கள். புதிய மரத்தில் 10 கணுக்கள். அவற்றில் 7 பழைய மரத்துக்கும் சொந்தம்.

2008இல் 3024 வந்தபோது? அதே வழியில் இறங்கினால் 3001க்கு அப்பால் ஒட்டாமல் நிற்கிறது. புது இலை ஒன்று, மேலே போகும் பாதையில் மூன்று படிகள். ஆக நான்கு கணுக்கள். மூன்று பதிப்புகளையும் சேர்த்து எண்ணினால் 11, 3, 4 என்று 18 கணுக்கள். தனித்தனியே படியெடுத்திருந்தால் 32 ஆகியிருக்கும். மரம் பெரிதாகும்போது இந்த வேறுபாடு மலைக்க வைக்கும். சமனாக வளர்ந்த மரத்தில் பத்து இலட்சம் கணுக்கள் இருந்தாலும் உயரம் 20தான். ஒரு மாற்றத்துக்கு ஏறத்தாழ 20 புதுக் கணுக்கள். மீதி அனைத்தும் பொது. மரம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடாமல், கணுக்களைச் சுழற்றிச் சமன் செய்யும் வித்தை 1962இலேயே அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் என்ற இரண்டு சோவியத் கணிதர்கள் கண்டுபிடித்தது. அந்தச் சுழற்றல்களும் பாதையை ஒட்டியே நடப்பதால் கணக்கு பெரிதாகக் கெடாது.

மூன்று வேர்கள் இப்போது கையில் உள்ளன. முதல் வேரிடம் கேட்டால் 2998 எழுத்து அல்ல. இரண்டாவதிடம் கேட்டால் எழுத்து. படிப்பவர் யாருக்கும் பூட்டு வேண்டாம். யாரும் திருத்த முடியாத ஒன்றைப் பாதுகாக்கப் பூட்டு எதற்கு? பழைய வேரை இனி யாரும் வைத்திருக்கவில்லை என்றால், அதற்கு மட்டுமே உரிய கணுக்களை நினைவகக் கழிவு அகற்றி எடுத்துக்கொள்ளும். ஜான் மெக்கார்த்தி 1960இல் லிஸ்ப் மொழி பற்றி எழுதிய கட்டுரையிலேயே அந்த ஏற்பாடு இருக்கிறது.

இந்த மாதிரிக் கட்டமைப்புகளை முறையாக ஆராய்ந்தவர்கள் ஜேம்ஸ் டிரிஸ்கால், நீல் சார்னாக், டேனியல் ஸ்லீட்டர், ராபர்ட் டார்ஜன் என்ற நால்வர். 1986இல் மாநாட்டிலும் 1989இல் ஆய்விதழிலும் வந்த அவர்களுடைய கட்டுரை, பாதையைப் படியெடுப்பதைவிடச் சிக்கனமான வழிகளையும் காட்டியது. ஆனால் நடைமுறையில் வென்றது பாதைப் படியெடுப்புதான் என்பது என் கணிப்பு. அதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும், எழுதப் பத்து வரி போதும். கிறிஸ் ஒகாசாகி 1998இல் வெளியிட்ட நூல் இவ்வகை மரங்களைச் செயல்சார் நிரலர்களின் அன்றாடக் கருவியாக்கியது. அதே 1998இல் ஒகாசாகியும் ஆண்ட்ரூ கில்லும் முழு எண்களுக்கென்றே ஒரு மரத்தை விவரித்தார்கள். டானல்டு மோரிசன் 1968இல் தந்த பட்ரீசியா மரத்தின் வழிவந்தது அது. ஒப்பிட்டுப் பிரிப்பதற்குப் பதிலாக, எண்ணின் இருமப் பிட்டுகளைக் கொண்டே கிளை பிரிக்கிறது. என்ன வரிசையில் எண்களைச் சேர்த்தாலும் ஒரே வடிவம். சமன் செய்யும் வேலையே இல்லை. இரண்டு பெரிய கணங்களை ஒன்றாக்குவதும் விரைவு. ஹாஸ்கெல் மொழியின் முழு எண் கணங்கள் இன்றும் இதன்மேல்தான் நிற்கின்றன.

மேலமரும் இடைவெளிகள்

இதுவரை பார்த்தவை இணையச் சம்மதிக்கும் இடைவெளிகள். இணைக்கவே கூடாதவையும் உண்டு. மனிதரின் முதல் குரோமோசோமில், ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு மேற்கோள் வரைவுப்படி, 24,89,56,422 இடங்கள். ஒவ்வொரு மரபணுவும் அதில் ஓர் இடைவெளி. ஒரு மரபணு இன்னொன்றின்மேல் அமர்வது சகஜம். அதற்காக இரண்டையும் ஒன்றாக்கினால் உயிரியலே குழம்பிவிடும். இங்கே கேள்வியும் வேறு. ‘இந்த இடம் கணத்தில் உள்ளதா?’ என்பது போதாது. ‘இந்த இடத்தை உள்ளடக்கும் மரபணுக்கள் எவை?’ என்று கேட்கிறோம்.

சிறிய எண்களில் இதைப் பார்க்க மனித ஆயுள் வசதி. கணிதர்கள் ஏழு பேர்: பூல் 1815–1864, கான்டர் 1845–1918, ஹில்பர்ட் 1862–1943, ஹார்டி 1877–1947, ராமானுஜன் 1887–1920, ஃபான் நாய்மன் 1903–1957, டூரிங் 1912–1954. பிறந்த ஆண்டின் வரிசையில் மரம் கட்டுவோம். ஹார்டி வேர். இடப்பக்கம் கான்டர், அவருக்கு இருபுறமும் பூலும் ஹில்பர்ட்டும். வலப்பக்கம் ஃபான் நாய்மன், அவருக்கு இருபுறமும் ராமானுஜனும் டூரிங்கும்.

ஒவ்வொரு கணுவிலும் கூடுதலாக ஓர் எண் எழுதுகிறோம்: அந்தக் கணுவிலும் அதன் கீழுள்ள கிளைகளிலும் காணும் முடிவுகளில் மிகப் பெரியது. கான்டர் கணுவில் அது 1943, ஹில்பர்ட்டின் ஆண்டு. ஃபான் நாய்மன் கணுவில் 1957. வேரிலும் 1957.

1945இல் உயிரோடிருந்தவர் யார் யார்? வேரில் ஹார்டி: ஆம். இடக் கிளையின் பெரிய முடிவு 1943. அங்கே 1945வரை வந்தவர் எவரும் இல்லை என்று அந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது. மூவரையும் பார்க்காமலே விட்டுவிடலாம். வலப்பக்கம் ஃபான் நாய்மன்: ஆம். அவருக்கு இடப்பக்கம் பெரிய முடிவு 1920, விட்டுவிடலாம். டூரிங்: ஆம். மூன்று விடைகள் கிடைத்தன. மூன்று பேரின் ஆயுளைத்தான் பார்த்தோம்.

இடைவெளிகளை இப்படி மரத்தில் தேடும் எண்ணத்தை 1980இல் ஹெர்பர்ட் எடல்ஸ்ப்ரன்னர், எட்வர்ட் மெக்ரைட் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் முன்வைத்தார்கள். அவர்களுடைய மரம் அமைப்பில் வேறு. நான் மேலே காட்டியது பாடநூல்களில் பரவலான எளிய வகை. ஜான் பென்ட்லியின் துண்டு மரம் இன்னும் மூன்றாண்டு மூத்தது.

மாறாமை இங்கே எதிர்பாராத இடத்தில் கைகொடுக்கிறது. பெரிய முடிவு என்ற அந்தக் கூடுதல் எண்ணை, திருத்தக்கூடிய மரத்தில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். மரத்தைச் சுழற்றிச் சமன் செய்த பிறகு அதைப் புதுப்பிக்க மறப்பது நிரலர்களிடம் அடிக்கடி காணும் பிழை. மரம் உடையாது, நிரலும் நிற்காது. விடைகளில் சில மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். மாறாத மரத்தில் கணு பிறக்கும்போதே அந்த எண் அதன் பிள்ளைகளிடமிருந்து கணக்கிடப்படுகிறது. பிறகு பிள்ளைகளும் மாறுவதில்லை, எண்ணும் மாறுவதில்லை. பாதையைத்தான் எப்படியும் படியெடுக்கிறோமே, அதற்கென்று தனி வேலையும் இல்லை.

எதற்கு எது

மாறாத மரங்களைப் புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையல்ல. தமிழ் எழுத்துப் பட்டியலுக்கு மரமே தேவையில்லை. ஒருங்குறி இப்போதெல்லாம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பதிப்பு வெளியிடுகிறது. அவ்வளவு அரிதாக மாறும் 11 இடைவெளிகளை வரிசையாக ஓர் அணியில் எழுதி வைத்தால் போதும். கோ மொழியின் நூலகம் அப்படித்தான் செய்கிறது. பட்டியல் சிறிதாக இருந்தால் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடும் சிரமம்கூட இல்லாமல் முதலிலிருந்து வரிசையாகப் பார்த்துவிடுகிறது. பதினோரு வரிகளில் தேடுவதற்குப் புத்திசாலித்தனம் எதற்கு?

பல மென்பொருள்களின் பன்மொழி ஆதரவுக்கு அடித்தளமான ஐசியு நூலகம் இன்னும் அழகான ஒரு வழியைக் கையாள்கிறது. இடைவெளிகளைச் சோடியாகப் பார்க்காமல் எல்லைகளின் ஒரே வரிசையாக எழுதுவது: 2947, 2948, 2949, 2955, 2958, 2961 என்று. முதல் எண்ணில் கணம் தொடங்குகிறது, இரண்டாவதில் நிற்கிறது, மூன்றாவதில் மறுபடி தொடங்குகிறது. கேட்கப்பட்ட எண்வரை எத்தனை எல்லைகளைக் கடந்தோம் என்று பார்த்தால் தீர்ந்தது. ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. 2951வரை மூன்று எல்லைகள், உள்ளே. ‘இ’ அது. தமிழ் எழுத்து அல்லாதவை அனைத்தும் வேண்டுமா? வரிசையின் முன்னால் ஒரு 0 சேர்த்தால் உள்ளும் புறமும் தலைகீழாகிவிடும். 22 எண்களின் வரிசைக்கு ஓர் எண் கூட்டியதும் 11 இலட்சத்துச் சொச்ச எண்களின் நிரப்புக் கணம் கிடைக்கிறது. இந்தக் கணங்களை உறைய வைக்கும் கட்டளையும் ஐசியுவில் உண்டு. உறைந்த பிறகு யாரும் அதைத் திருத்த முடியாது. எத்தனை செயல்கள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். பழைய பதிப்பைப் பங்கிட்டுக்கொள்வது மட்டும் இதில் நடக்காது. மாற்றம் வந்தால் வரிசை முழுவதையும் புதிதாக எழுத வேண்டும்.

மாற்றங்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரும் இடமும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு செயலுக்கும் எந்தெந்த நினைவக முகவரிகள் சொந்தம் என்ற கணக்கு, மேலமராத முழு எண் இடைவெளிகளாகவே வைக்கப்படுகிறது. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து அதை மேப்பிள் மரம் என்ற கட்டமைப்பு பார்த்துக்கொள்கிறது. படித்துக்கொண்டிருப்பவர்களை நிறுத்தாமல் மாற்றுவதற்காக, புதுக் கணுவைத் தனியே செய்து, பழையதன் இடத்தில் மாட்டி, பழையதைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் முடித்த பிறகே அதை விடுவிக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. பழைய பதிப்புகளை அது சேர்த்து வைப்பதில்லை. ஆகவே முழுமையான மாறாமை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பாதையைத் திருத்தாதே, புதிதாகச் செய் என்ற அதே யோசனைதான்.

என் தீர்ப்பு இது. இடைவெளிகள் எப்போதோ ஒருமுறை மாறினால் எல்லைகளின் வரிசை. அடிக்கடி மாறி, நேற்றைய நிலையும் கேள்விக்கு வருமென்றால், அல்லது பலர் ஒரே நேரத்தில் படிப்பார்களென்றால், மாறாத டயட் மரம் அல்லது பட்ரீசியா மரம். மேலமரும் இடைவெளிகள் என்றால் பெரிய முடிவைச் சுமக்கும் மரம். நேற்றைய நிலை யாருக்கும் வேண்டாம், படிப்பதும் எழுதுவதும் ஒருவரே என்றால் அழித்துத் திருத்துவதே வேகம். அங்கே மாறாமைக்காக ஒவ்வொரு முறையும் 20 கணு செலவழிப்பது வீம்பு.

வாசகர்களுக்கு ஒரு வேலை. 2947க்கும் 2949க்கும் நடுவே 2948 இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே நாளை ஓர் எழுத்து வருவதாக வைத்துக்கொண்டு, 2008ஆம் ஆண்டின் மரத்தில் அதைச் சேர்த்துப் பாருங்கள். எத்தனை புதிய கணுக்கள் பிறக்கின்றன, பழைய கணுக்களில் எத்தனை பொதுவாக நிற்கின்றன என்று எண்ணுங்கள். பிறப்பவை மூன்று, பொதுவானவை ஏழு என்று வந்தால் உங்கள் படம் சரி.